விண்டோஸ் 10 முடிந்தபின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22: வடசென்னைப் பயனர் ஒருவரின் மதிப்பீடு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதற்குப் பிறகு தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய கணினி வைத்திருக்கும் உறவினர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை என்ன செய்வது என்பதைத்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் படிப்பு, இணையம், கடிதம், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்குப் பயன்படும் வீட்டுக் கணினி என்றால், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பைத் தயக்கமின்றிப் போடலாம். டேலி என்ற கணக்கு மென்பொருளையும் பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற அச்சு வடிவமைப்பு மென்பொருள்களையும் நம்பித் தொழில் நடக்கும் கணினியில் அதைப் போடக் கூடாது. எதனால் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்கான காரணங்களே இந்த மதிப்பீடு.

நான் இதை நிறுவிப் பயன்படுத்திப் பார்த்தது என் அக்கா மகளின் லேப்டாப்பில். 2019-இல் வாங்கிய அந்தக் கணினியில் இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ3 7020யு பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆகியவை இருந்தன. அந்த ஆண்டுகளில் கல்லூரி சேரும் பிள்ளைக்கென்று தவணையில் வாங்கப்பட்ட லேப்டாப்புகளில் இந்தச் சேர்க்கையை நிறையப் பார்க்கலாம். 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த தகுதிப் பட்டியலோ, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் வேண்டும் என்பது மற்ற நிபந்தனைகள். இந்த ஏழாம் தலைமுறைக் கணினியிலோ டிபிஎம் வசதி ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது, செக்யூர் பூட்டும் இருக்கிறது. பிராசஸரின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அது தள்ளப்படுகிறது. வாங்கி ஆறே ஆண்டுகள் ஆன, பழுது எதுவும் இல்லாத ஒரு பொருளுக்கு இந்த நிலைமை வந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது ஒரு வீட்டின் பிரச்சினையும் இல்லை. விண்டோஸ் 10-இன் முடிவால் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே மதிப்பிட்டிருந்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையைப் பல்லாண்டுகளாகச் சுவாசித்து வாழும் நமக்கு, கழிவு என்ற சொல்லின் எடையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மின்னணுக் கழிவை முறைப்படி கையாள 2022-இல் விதிகள் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளன. ஆனாலும், ஓடக்கூடிய கணினியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் இருப்பதே முதலில் செய்ய வேண்டிய காரியம்.

மின்ட் தவிர வேறு வழிகளும் உண்டு, அவற்றையும் பார்த்துவிடுவோம். மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அதற்கு 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அவர்களுடைய மேகச் சேமிப்பில் காப்பெடுத்தால் கட்டணமின்றியே சேரலாம். கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். உடனடியாக எதையும் மாற்ற முடியாதவர்களுக்கு இது நல்ல வழிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இது வாங்கித் தருவது கால அவகாசம் மட்டும்தான்.

இரண்டாவது வழி, தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11-ஐ நிறுவிக்கொள்வது. சர்வீஸ் கடைகளில் இதைச் சுலபமாகச் செய்து கொடுக்கிறார்கள். பட்டியலில் இல்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது; ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு மாற்றத்தின்போது மறுபடியும் அதே குறுக்கு வழியைக் கையாள வேண்டிவரும். அதோடு, கடைக்காரர் போட்டுத் தரும் விண்டோஸுக்கு உரிமம் இருக்கிறதா, அல்லது எங்கிருந்தோ இறக்கிய ஆக்டிவேட்டரால் திறக்கப்பட்டதா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அத்தகைய ஆக்டிவேட்டர்களோடு தீநிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவது அறியப்பட்ட ஆபத்து. அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

மூன்றாவது வழி புதிய கணினி. அதற்கு இது நல்ல காலமில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகியதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. குருஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 8 ஜிபி ரேம் விலை கேட்டவர்களுக்கு இந்தச் செய்தியின் பொருள் உடனே விளங்கும்.

இனி மின்ட். கிளெமெண்ட் லெஃபெவர் 2006-இல் தொடங்கிய இந்த இயங்குதளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மீது கட்டப்பட்டது. 2024 ஜூலையில் வெளிவந்த 22-ஆம் பதிப்பின் அடித்தளம் உபுண்டு 24.04, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 ஏப்ரல் வரை வரும். பின்னர் 2025 ஜனவரியில் 22.1, செப்டம்பரில் 22.2 என்று அதே வரிசையில் மேம்பட்ட வெளியீடுகள் வந்தன. சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரைத் தோற்றங்களில் கிடைக்கிறது. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேமும் 20 ஜிபி இடமும் போதும் என்று சொல்கிறார்கள். வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபி ரேம் வேண்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள். 4 ஜிபி ரேம் கொண்ட கணினிக்கு மூன்றில் மிக இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி இதன் பெரிய நற்பண்பு. கணினியில் எதையும் அழிக்காமல், வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ளலாம். வைஃபை பிடிக்காவிட்டால் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் டேட்டாவைப் பகிர்ந்துகொண்டு, மின்ட்டிலுள்ள டிரைவர் மேனேஜர் மூலம் வைஃபையை இயக்கத் தேவையான மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். நிறுவும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மல்டிமீடியா கோடெக்குகளை நிறுவுவதற்கான கட்டத்தில் டிக் போட மறந்தால் சில வீடியோக்கள் பின்னால் ஓடாமல் தொல்லை தரும். வட்டை முழுவதும் அழித்து நிறுவும் விருப்பத்தைத் தொடுவதற்கு முன், குடும்பப் புகைப்படங்களும் பள்ளிச் சான்றிதழ்களின் ஸ்கேன்களும் வேறொரு டிரைவில் பத்திரமாக இருக்கின்றனவா என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அழிந்தது மீண்டு வராது.

வேகத்தைப் பற்றி ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே மின்ட்டை நிறுவினால், விண்டோஸ் 10-ஐ விடச் சற்று இலகுவாக இருக்குமே தவிர, பெரிய மாற்றம் தெரியாது. அதை எடுத்துவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திய பிறகுதான் அந்த லேப்டாப் புத்துயிர் பெற்றது. எக்ஸ்எஃப்சிஇ வெறுமனே திறந்திருக்கும்போது 1 ஜிபிக்கும் குறைவான ரேமையே எடுத்துக்கொள்வதால், மீதி முழுவதும் பிரவுசருக்குக் கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் கல்லூரி இணையதளம், மின்னஞ்சல், ஒரு யூடியூப் பாடம், பக்கத்திலேயே லிப்ரேஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் ஒரு கட்டுரை என்ற அளவில் எந்தத் தடங்கலும் இல்லை. இவற்றோடு காணொளி வகுப்பையும் திறந்தால் 4 ஜிபி திணறத்தான் செய்யும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாக வருவதால் பழைய கணினிகளில் முதல்முறை திறக்கத் தாமதமாகும்; மின்ட் குழுவினர் ஸ்னாப்பை 2020-லேயே ஒதுக்கிவிட்டுத் தாங்களே ஃபயர்ஃபாக்ஸைப் பொதிந்து தருகிறார்கள். பழைய கணினிக்காரர்களுக்கு இந்த முடிவு பெரிய உதவி.

தமிழ்த் தட்டச்சுக்கு வருவோம். எனக்கு இதுதான் முதன்மையான அளவுகோல், ஏனென்றால் நம் வீட்டுக் கணினியில் தமிழில் எழுத முடியாவிட்டால் மற்ற சிறப்புகளெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். பிரவுசரில் தமிழ் எழுத்துகள் நிறுவிய உடனேயே சரியாகத் தெரிகின்றன. எழுதுவதற்குத்தான் சற்று வேலை இருக்கிறது. விசைப்பலகை அமைப்புகளுக்குள் சென்று தமிழ்நெட் 99 தளக்கோலத்தை, அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பை, சேர்ப்பது எளிது என்று பலரும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தளக்கோலம் விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் செயல்படும்; தமிழ்99 தட்டச்சு முறையின் உயிரான தானியங்கிப் புள்ளி அதில் கிடையாது. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் முதல் மகரத்தின் மேல் தானாகப் புள்ளி விழுந்து, இரண்டாம் மகரத்தோடு ஆகாரம் சேர வேண்டும். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்களில் பழகிய விரல்கள் இதை எதிர்பார்க்கும். அது கிடைக்க வேண்டுமானால் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ் எம்17என் ஆகிய இரண்டு தட்டச்சு மென்பொருள் பொதிகளையும் நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்துகளால் ஒலிப்பு முறையில் தட்டுபவர்களுக்கான முறையும் அதே பட்டியலில் இருக்கிறது. ஒருமுறை செய்துவிட்டால் பிறகு எந்தச் செயலியிலும் இயல்பாக எழுதலாம். ஆயினும், முதன்முறையாக லினக்ஸைத் தொடும் ஒரு கல்லூரி மாணவிக்கு இதை யாரேனும் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுக்கத்தான் வேண்டும். உலகில் இத்தனை கோடிப் பேர் எழுதும் மொழிக்கு, நிறுவும்போதே தமிழ்99 வேண்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் இருந்திருக்கலாம்.

மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாததால் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் நிற்கும். எழுத்துரு விஷயத்தில், விண்டோஸின் லதா, நிர்மலா ஆகியவை லினக்ஸோடு வருவதில்லை. ஆகவே வேர்டில் அந்த எழுத்துருக்களால் அமைத்த கோப்பை லிப்ரேஆஃபீஸில் திறந்தால் வரிகள் நகர்ந்து பக்கங்கள் கூடிக் குறையும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வினாத்தாள்களைப் பற்றி டியூஷன் நடத்தும் ஓர் ஆசிரியை கவலைப்பட்டார். அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து இருமுறை சொடுக்கி நிறுவியதும் அவை அப்படியே தெரிந்தன. பாமினி ஆங்கில விசைகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு என்பதால், அதில் புதிதாகத் தட்டுவதற்கும் தனி மென்பொருள் தேவைப்படவில்லை.

பிரிண்டர்தான் பலரைக் கவிழ்க்கும் இடம். வைஃபை வசதி கொண்ட புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமல் தாமாகவே பட்டியலில் வந்து நிற்கின்றன. எப்சனின் இங்க் டேங்க் வகைகளுக்கான டிரைவர் மென்பொருள் களஞ்சியத்திலேயே உண்டு. எச்பி லேசர்ஜெட் 1020 வகைக்கு எச்பிலிப் என்ற மென்பொருளோடு கூடுதலாக ஒரு ப்ளக்இன்னையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு தாளும் நகராது. நம் பகுதி ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் காணப்படும் கேனன் எல்பிபி 2900 நிலைமை இன்னும் கடினம். அது கேப்ட் என்ற தனி நெறிமுறையில் பேசுகிறது. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, இன்றைய பதிப்புகளில் அதை உட்காரவைக்கப் பொறுமையும் அனுபவமும் வேண்டும். ஆகவே, முடிவெடுப்பதற்கு முன் பிரிண்டரின் மாடல் எண்ணைப் பார்த்து, பென் டிரைவிலிருந்து ஓடும் மின்ட்டிலேயே ஒரு சோதனைத் தாளை அச்சடித்துப் பார்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நம்ம கடையிலயும் இதப் போட்டுக் குடுங்களேன், சிஸ்டம் ரொம்ப இழுக்குது" என்றார். அவர் கணினியில் கைரேகைக் கருவி, விண்டோஸில் மட்டும் ஓடும் வானவில் தட்டச்சு மென்பொருள், டேலி, பழைய பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஆகியவை இருந்தன. "வேண்டாம்ப்பா, இதுல உன் பொழப்பு இருக்கு, கைய வைக்காதே" என்று சொல்லி, நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்களை ஓட்ட வைன் என்ற வழி இருக்கிறது என்று உற்சாகமாகச் சொல்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அதை நம்பிக் கடை நடத்த முடியாது என்பது என் உறுதியான கருத்து. கணக்கு மட்டும்தான் தேவை என்ற சிறு வணிகர்களுக்கு, பிரவுசரிலேயே இயங்கும் ஜோஹோ புக்ஸ் போன்ற சேவைகள் இருப்பதால், அவர்கள் மின்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

புதுப்பிப்புகளைக் கையாளும் விதத்தில் மின்ட்டுக்கு என் முழுப் பாராட்டு உண்டு. அப்டேட் மேனேஜர் என்ன வந்திருக்கிறது என்று பட்டியலிட்டுக் காட்டிவிட்டு, நாம் சொல்லும்வரை காத்திருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகி வேலையைக் கெடுப்பதில்லை. கூடவே டைம்ஷிஃப்ட் என்ற கருவி, ஒருமுறை அமைத்துவிட்டால், கணினியின் நிலையை அவ்வப்போது பதிவு செய்து வைத்துக்கொள்கிறது. ஒரு புதுப்பிப்பால் கோளாறு வந்தால் முந்தைய நாளின் நிலைக்கே திரும்பிவிடலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான ஒரே புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்ததை நாம் பார்த்தோம். இத்தகைய பழுது எந்த இயங்குதளத்துக்கும் வரலாம். ஆகவே பின்வாங்கும் வழி வீட்டுக் கணினியிலும் இருக்க வேண்டும். டைம்ஷிஃப்ட் சொந்தக் கோப்புகளைக் காப்பெடுப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அவற்றுக்குத் தனியாகப் பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ தேவை.

தமிழகத்துக்கு லினக்ஸ் புதிதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 2007-வாக்கில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் தன் கணினிகளைச் சூஸே லினக்ஸுக்கு மாற்றியது. அதே காலத்தில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் வேலை நம் சென்னையில் நடந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. நான் பார்த்த வீடுகளில் அது ஒருநாளும் திறக்கப்படாமலே கிடந்தது, ஏனென்றால் பள்ளியில் அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிக் கல்வியே லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் பல்லாண்டுகளாக நடக்கிறது. அங்கே ஒரு பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பழக்கமான திரை, இங்கே ஒரு பட்டதாரிக்கு அச்சமூட்டுகிறது என்றால் அந்தக் குறை மென்பொருளுடையது இல்லை.

வரவிருக்கும் வெளியீடுகளைப் பார்த்துக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் சோரின் ஓஎஸ் 18 என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளம் வெளியானது. விண்டோஸ் போன்ற தோற்றமே வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம், ஆனால் 4 ஜிபி கணினியில் எக்ஸ்எஃப்சிஇ அளவுக்கு அது இலேசாக இருக்காது. உபுண்டுவின் அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 26.04, வழக்கம்போல் 2026 ஏப்ரல் மாதத்துக்குரியது; அதன்மீது கட்டப்படும் மின்ட்டின் அடுத்த பெரும் பதிப்பு அதற்குச் சில மாதங்கள் கழித்தே வரும். இப்போது 22-ஐ நிறுவுபவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பதிப்பு வந்ததும் மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2029 வரை இதே பதிப்பில் இருக்கலாம். நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பவர்கள் 2026 அக்டோபர் நெருங்கும்வரை தள்ளிப்போடாமல், கோடை விடுமுறையிலேயே கோப்புகளைக் காப்பெடுத்து, பென் டிரைவில் மின்ட்டை ஓட்டி, தங்கள் வைஃபையும் பிரிண்டரும் அதில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது.